டிஸ்க்கில் உட்கார்ந்தால் போதாது

என் அப்பா பூட்டுக்காரர். திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் ராவுவதுதான் அவருக்கு வாழ்நாள் முழுக்க வேலை. அரத்தைக் கையில் எடுத்தால் மூச்சைக்கூட மெதுவாக விடுவார். சாவியில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் லீவர் தூக்காது, பூட்டு திறக்காது. “பொருந்தலைன்னா பூட்டே சொல்லிரும்டா. அதுக்கப்புறம் நாம வாய் பேச வேண்டியதில்ல” என்பார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1991-இல், 16 வயதில், டயர் கடைக்கு வேலைக்குப் போனேன். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. டயர் அப்படிச் சொல்லாது. பொருந்தாத டயரும் டிஸ்க்கில், அதாவது அதைத் தாங்குகிற இரும்புச் சக்கரத்தில், உட்கார்ந்துவிடும். காற்று பிடிக்கும், வண்டி ஓடும், டிரைவர் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பொருந்தவில்லை என்ற சேதி எங்கோ வேடசந்தூர் தாண்டி, நடுரோட்டில், பாரத்தோடு போகும்போதுதான் வரும்.

கடை திருச்சி ரோட்டில் இருந்தது. முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும்; நாங்களும் அப்படியே. திண்டுக்கல்லைச் சுற்றி என்னென்ன விளைகிறது, என்னென்ன உற்பத்தியாகிறது என்பதை அந்தக் கடை வாசலில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். ஒட்டன்சத்திரத்துக் காய்கறியை ஏற்றிக்கொண்டு கேரளா போகிற வண்டிகள், நூல் மில்லுக்குப் பஞ்சுப் பொதி கொண்டுவருகிற லாரிகள், நத்தத்து மாம்பழம், நிலக்கோட்டைப் பூ, வெங்காய லோடு, ஜல்லி டிப்பர், தோல் ஷாப்புக்குப் பச்சைத் தோல். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கனம், ஒரு அவசரம். பூ வண்டிக்காரன் விடிவதற்குள் போயாக வேண்டும். ஜல்லி வண்டிக்காரனுக்கு நடை கணக்கு. இந்த அவசரத்துக்கு நடுவில்தான் நாங்கள் டயரைப் படிக்கக் கற்றுக்கொண்டோம்.

படிப்பது என்றால் நிஜமாகவே படிப்பதுதான். பாய் முதல் நாளே ஒரு பழைய 10.00-20 டயரைச் சுவரில் சாய்த்து வைத்து, பக்கவாட்டில் உள்ள எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, “இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒண்ணு விடாமப் படி” என்றார். பட்டறைக்கு வந்தவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதுபோல இருந்தது. 10.00 என்பது டயரின் அகலம், அங்குலத்தில். 20 என்பது டிஸ்க்கின் விட்டம். 16 பிஆர் என்பது பிளை கணக்கு. பருத்தி நூல் காலத்தில் உள்ளே எத்தனை மடிப்பு என்பதைச் சொன்ன எண் அது. இப்போது பலத்தின் அளவாக மட்டும் நின்றுவிட்டது. ரேடியல் டயரை அறுத்துப் பார்த்தால் 16 மடிப்பு இருக்காது.

அதற்குப் பக்கத்தில் 146/143 என்று சின்னதாக இருக்கும். பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைப் பார்ப்பதே இல்லை. எனக்கோ டயரில் இதைவிட முக்கியமான எழுத்து வேறு கிடையாது. பாரக் குறியீடு அது. 146 என்றால் அந்த டயர் தனியாக நிற்கும்போது 3,000 கிலோ சுமக்கும். 143 என்றால் ஜோடியாக நிற்கும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ. ஜோடி சேர்ந்தால் பலம் கூடத்தானே வேண்டும், ஏன் குறைகிறது என்று பாயிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ரோட்டுக்குக் கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொன்னார். ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருந்தது. உள் டயர் ஒரு மேட்டில், வெளி டயர் ஒரு சரிவில். இரண்டும் ஒருபோதும் சரிபாதியாகச் சுமப்பதில்லை. போதாததற்கு, இரண்டுக்கும் நடுவே காற்றோட்டம் இல்லாமல் சூடு நின்றுவிடும். அதனால்தான் கணக்குப் போட்டவர்கள் ஜோடிக்குக் கொஞ்சம் குறைத்தே வைத்தார்கள்.

அந்த 3,000 கிலோவும் சும்மா கிடைப்பதில்லை. இத்தனை பவுண்டு காற்று இருந்தால் மட்டும் என்ற நிபந்தனை கூடவே இருக்கும். 10.00 ஆர் 20, 16 பிஆர் ரேடியலுக்கு அது சுமார் 120 பவுண்டு. பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று பலரும் நினைக்கிறார்கள். ரப்பரும் கம்பியும் காற்றை அடைத்து வைக்கிற பை மட்டும்தான். பாரம் காற்றின் மேல் நிற்கிறது. 1880-களின் கடைசியில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்த நாளிலிருந்து இது மாறவில்லை. காற்றைக் குறைத்தால், டயரில் என்ன எழுதியிருந்தாலும், அதன் பலம் குறைந்துவிடுகிறது.

டயர், காற்று இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது ஆள்தான் டிஸ்க். டயர் வாங்கும்போது பிராண்டு கேட்பார்கள், விலை கேட்பார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பார்கள். டிஸ்க்கைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. டிஸ்க்குக்கும் ஒரு அகலம் உண்டு, ஒரு பார வரம்பு உண்டு, இவ்வளவு காற்றுக்கு மேல் தாங்காது என்ற எல்லையும் உண்டு. 9.00-20 டயருக்கு 7 அங்குல டிஸ்க், 10.00-20-க்கு ஏழரை அங்குலம் என்பது வழக்கமான அளவு. பழைய வண்டிக்காரர்கள் 9.00-லிருந்து 10.00-க்கு மாறும்போது டயரை மட்டும் மாற்றி, டிஸ்க்கை அப்படியே விட்டுவிடுவார்கள். டயர் உட்காரும். ஆனால் ஜோடியாக மாட்டினால் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி போய்விடும். பாரம் ஏறியதும் இரண்டு டயரின் வயிறும் உரசும். கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டில் வட்டமாக, சாணை பிடித்ததுபோலத் தேய்ந்திருக்கும். டயர் பெரிதானதால் வண்டியின் பலம் கூடிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். டிஸ்க்கின் வரம்பு பழைய இடத்திலேயே நிற்கும்.

அந்தக் காலத்து லாரி டிஸ்க்குகள் பெரும்பாலும் பல துண்டுகளால் ஆனவை. அடி ரிம், பக்க வளையம், அதைப் பிடித்து நிறுத்த லாக் ரிங். டியூப்பும் ஃப்ளாப்பும் வைத்து, டயரை ஏற்றி, வளையத்தைப் போட்டு, கடைசியில் லாக் ரிங்கைக் கடப்பாரையால் நெம்பிப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். பிறகு காற்று. இந்தக் கடைசி வேலையில்தான் எங்கள் தொழிலில் உயிர்கள் போயிருக்கின்றன.

எனக்கு 19 வயது. ஒரு மதியம், சாப்பாட்டு நேரம். ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளியிருந்த இன்னொரு கடையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்குவாரி வெடிதான் என்று முதலில் நினைத்தோம். பிறகு ஆட்கள் ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். பக்க வளையம் கூரை ஷீட்டைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. காற்றடித்துக்கொண்டிருந்தவன் என் வயதுதான். சாயங்காலம் டீக்கடையில் பேசிக்கொள்வோம். அவனுக்கு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அந்த டிஸ்க்கில் இருந்த லாக் ரிங் அந்த டிஸ்க்குக்கு உரியதல்ல என்று பாய் பிறகு பார்த்துச் சொன்னார். வேறு டிஸ்க்கிலிருந்து கழற்றியது. கண்ணால் பார்த்தால் ஒரே வட்டம். ஆனால் அடிப்பள்ளத்தில் முழுசாக இறங்காமல், துருவின் மேல் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது.

100 பவுண்டு என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 45 கிலோ அழுத்துகிறது. டயரின் பக்கவாட்டு வழியாக அந்த வளையத்தை வெளியே தள்ளுகிற பரப்பு சில நூறு சதுர அங்குலம். பெருக்கினால் பத்து டன்னுக்கு மேல் வரும். அத்தனையையும் பிடித்து நிறுத்துவது விரல் தடிமன் உள்ள ஒரு ரிங்கும், அது உட்கார்ந்திருக்கிற ஒரு பள்ளமும்தான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பல துண்டு ரிம்களுக்கென்றே 1980-இல் தனி விதிமுறை வந்தது. கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும், வளையம் பறக்கக்கூடிய திசையில் ஆள் நிற்கக் கூடாது, துருப்பிடித்த, வளைந்த, ஒன்றுக்கொன்று பொருந்தாத துண்டுகளைச் சேர்க்கவே கூடாது என்று. அதைப் பற்றி அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் பாய் கடையைத் திறக்கவில்லை. வெல்டிங் பட்டறைக்குப் போய், தடித்த பைப்பில் ஒரு கூண்டு செய்துகொண்டு வந்தார். அதற்கு முன் டயரைச் சங்கிலியால் சுற்றிக் கட்டிக் காற்றடிப்போம். அன்றிலிருந்து கூண்டுக்குள் போகாத லாரி டயருக்கு எங்கள் கடையில் காற்று இல்லை. நுனியில் கிளிப் வைத்த நீளமான ஓஸ் வாங்கி, காற்றடிக்கிறவன் எட்ட, வளையம் பறக்கிற திசையிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று ஆணியடித்ததுபோலச் சொல்லிவிட்டார்.

அப்பா ஒருநாள் கடைக்கு வந்தபோது லாக் ரிங்கை எடுத்து, கட்டைவிரலால் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தார். “இது பொருந்தலைன்னா உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினேன். ரிங் இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தில் இருக்க வேண்டிய இடைவெளி, சுற்றிலும் ஒரே சீராக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, முதலில் பத்து பவுண்டு மட்டும் அடித்து நிறுத்தி மறுபடி பார்ப்பது, காற்று உள்ளே இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் ஒரு தட்டுகூடத் தட்டாமல் இருப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். “பூட்டுல தப்புப் பண்ணுனா பூட்டுதான் கெடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றும்போதும் அதே கவனம் வேண்டும். ஜோடி டயரில் போல்ட்டு நட்டில் கை வைக்கும் முன் இரண்டு டயரின் காற்றையும் இறக்கிவிட வேண்டும். உள் டிஸ்க் விரிசல் விட்டிருந்தால், இத்தனை நாள் அதைப் பிடித்திருந்தது அந்த நட்டுகள்தான். தளர்த்திய கணத்தில் பறக்கும். அவசரத்தில் இருக்கிற டிரைவர்களுக்கு இது வீண் வேலையாகப் படும். “காத்து அப்படியே இருக்கட்டும்ணே, பத்து நிமிசம் மிச்சம்” என்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தை நான் யாருக்கும் மிச்சம் பிடித்துத் தந்ததில்லை.

இப்போது 22.5 அங்குல டியூப்லெஸ் டிஸ்க் வந்துவிட்டது. ஒரே துண்டு, லாக் ரிங்கே கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையனின் நினைவு வரும். 295/80 ஆர் 22.5 டயரில் 152/148 என்றிருக்கும். தனியாக 3,550 கிலோ, ஜோடியில் 3,150. நல்ல முன்னேற்றம். ஆனால் அதற்கென்று வேறொரு ஆபத்து இருக்கிறது. பஞ்சராகிப் பாதிக் காற்றோடு ஓடிய டயரில், பக்கவாட்டு இரும்புக் கம்பிகள் மடிந்து மடிந்து உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பஞ்சர் ஒட்டி முழுக்காற்று அடிக்கும்போது ஜிப் பிரிவதுபோல வரிசையாக விட்டுவிடும். இருக்க வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து ஓடியிருந்தால், அதாவது 120-க்கு 96-க்குக் கீழே போயிருந்தால், டயரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் நான் காற்றடிப்பதில்லை.

சொந்தமாகக் கடை வைத்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. இந்தப் பக்கத்துச் சிறு வியாபாரிகள் வாழ்க்கையையே மாற்றிய வண்டி அது. பூ, காய், தண்ணீர் கேன், செங்கல், எல்லாம் அதில்தான். அதற்கு 145 ஆர் 12 எல்டி (லைட் டிரக்), 8 பிஆர் டயர். நிலக்கோட்டைக்குப் பூ அடிக்கிற ஒரு தம்பி ஒருநாள் பின் டயர் வெடித்து வந்தான். ஒரு மாதத்தில் இரண்டாவது தடவை. “டயர் கம்பெனிக்காரன் ஏமாத்துறாண்ணே” என்றான். கழற்றிப் பார்த்தேன். போட்டிருந்தது 145/80 ஆர் 12, பக்கத்தில் 74 என்று இருந்தது. சின்னக் காரின் டயர். பழைய டயர் விற்கிற இடத்தில் மலிவாகக் கிடைத்ததாம். இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் உயரத்திலும் அகலத்திலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க்கில் கச்சிதமாக உட்காரும்.

தரையில் சாக்பீஸால் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 74 என்றால் 375 கிலோ. நாலு டயருக்கு 1,500. வண்டி முழுப் பாரத்தோடு சட்டப்படி 1,550. அதாவது நாலு சக்கரமும் சமமாகச் சுமந்தால்கூட, ஒரு மூட்டை அதிகம் ஏற்றாவிட்டாலும்கூட, டயர் தோற்றுவிட்டது. சமமாகச் சுமப்பதும் கிடையாது. பாதிக்கு மேல் பின்னால்தான். எல்டி டயர் என்றால் ஒன்றே 500 கிலோவைத் தாண்டிச் சுமக்கும், 65 பவுண்டு வரை காற்று தாங்கும். இவன் அந்தக் கார் டயரிலும் வழக்கமான 65 அடித்திருக்கிறான். குறைத்து அடித்திருந்தால் சூட்டில் போயிருக்கும். கூட்டி அடித்ததால் குழியில் விழுந்தபோது போனது. எந்தக் காற்று அடித்தாலும் அந்த டயர் அந்த வண்டிக்கு ஆகாது.

அவன் அதோடு விடவில்லை. “அப்ப எல்டி டயரைக் காருக்குப் போடலாமாண்ணே, பலமாத்தானே இருக்கும்?” என்றான். நல்ல கேள்வி. இதையும் நிறையப் பேர் செய்கிறார்கள். அங்கே டயர் தாங்கும், டிஸ்க் தாங்காது. கார் டிஸ்க் 30, 35 பவுண்டுக் காற்றை நினைத்துச் செய்த தகடு. அதில் ஓட்டையில் இழுத்துவிடுகிற ரப்பர் வால்வுக்கே எல்லை 65 பவுண்டுதான். எல்டி டயரை நம்பிக் காற்றையும் பாரத்தையும் ஏற்றினால், போல்ட்டு ஓட்டையைச் சுற்றியும் தகடு மடிந்த இடத்திலும் விரிசல் வரும். டயர், காற்று, டிஸ்க் மூன்றிலும் எது கம்மியோ அதுதான் அந்தச் சக்கரத்தின் பலம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நான் வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை கைக்குத் தெரிந்திருந்தது, வாய்க்குத் தெரியவில்லை.

லாரிக்காரர்களிடம் வேறொரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பாரம் கூட ஏற்றினால் காற்றும் கூட ஏற்று என்பது. ஒரு எல்லை வரை அது சரிதான். குறைந்த பாரத்துக்குக் குறைந்த காற்று, நிறைந்த பாரத்துக்கு நிறைந்த காற்று என்று டயர்க் கம்பெனிகளே அட்டவணை தருகின்றன. டயரில் எழுதிய அதிகபட்சத்தோடு அது முடிந்துவிடும். அதற்கு மேல் 140, 150 என்று அடித்தால் டயரின் பலம் ஒரு கிலோகூடக் கூடாது. நடு டிரெட் மட்டும் தேயும், கல்லில் பட்டால் அறும், ரிங்கின் மேல் தள்ளு கூடும், டிஸ்க் கையோட்டை ஓரத்தில் கீறும். ஜல்லி டிப்பர்களின் டிஸ்க்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் அந்தக் கீறல் நூல் மாதிரித் தெரியும்.

அந்தக் கீறலை வெல்டிங் வைத்துத் தரச் சொல்வார்கள். டயரைக் கழற்றாமலே வெல்டிங் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். காற்றை இறக்கிவிட்டாலும் அது ஆபத்துதான். சூட்டில் உள்ளேயிருக்கும் ரப்பர் கருகி எரிவாயு ஆகும், அடைபட்டு அழுத்தம் ஏறும், பிறகு குண்டு. கீறிய டிஸ்க்கை நான் வெல்டிங்குக்கு அனுப்புவதில்லை. கட்டரால் ஒரு வெட்டு வெட்டிப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வேன். வெட்டாமல் போட்டால் வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார். இதனால் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் என்னைவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றியதில்லை.

2018 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆக்சில் பார வரம்பைக் கூட்டியது. நாலு டயர் உள்ள ஒற்றைப் பின் ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. இரட்டை ஆக்சிலுக்கு 19 டன் 21 ஆனது. அந்த வாரம் கடைக்கு வந்த டிரைவர்களின் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “இனிமே ஓவர்லோடு கேஸே இல்லண்ணே” என்றார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன். 16 பிஆர் டயர் ஜோடியில் 2,725 கிலோ. நாலுக்கு 10,900. பழைய வரம்பான 10,200-க்கு அது போதும், 700 கிலோ கையிருப்பும் இருந்தது. புதிய வரம்பான 11,500-க்கு 600 கிலோ பற்றாக்குறை. இரட்டை ஆக்சில் வண்டியில் எட்டு டயர். 21,000-ஐ எட்டால் வகுத்தால் 2,625. அங்கே அதே டயர் தாங்கும். ஒரே அறிவிப்பு, ஒரே டயர், ஒரு வண்டிக்குச் சரி, இன்னொரு வண்டிக்குத் தப்பு.

18 பிஆர், 149/146 போட்டால் ஜோடியில் 3,000, நாலுக்கு 12,000. போதும். ஆனால் அந்தப் பாரத்தைச் சுமக்க அது கேட்கிற காற்று 135 பவுண்டை ஒட்டி. பத்து வருடத்துப் பழைய டிஸ்க், துருவேறிய பள்ளம், தேய்ந்த லாக் ரிங், அதில் 135 பவுண்டா? அதைத்தான் நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். போதாக்குறைக்கு, ஆர்சி புத்தகத்தில் எழுதியிருக்கிற எடைதான் அந்த வண்டியின் எடை. செய்தித்தாளில் வந்தது அல்ல. சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வயதான முதலாளி, சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருந்தவர், தரையில் இருந்த கணக்கைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

கொடைக்கானல் போகிற கார்காரர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் முன் காற்றைக் குறைக்க வேண்டுமா, மேலே போனால் டயர் உப்பிவிடுமா என்று. மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவது உண்மை. 2,100 மீட்டர் உயரத்தில் நம் ஊரைவிடச் சுமார் 3 பவுண்டு குறைவு. அதனால் கேஜ் 3 பவுண்டு கூடக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி வெயில், மேலே 15 டிகிரி குளிர். அந்தக் குளிரில் 33 பவுண்டு டயர் கிட்டத்தட்ட அதே 3 பவுண்டை இழந்துவிடும். இரண்டும் கழிந்து போகும். இந்தக் கணக்கை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் முழு ஆள், முழு லக்கேஜுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதைக் குளிர்ந்த டயரில் வைத்தால் போதும். டயரின் மேல் எழுதியிருக்கிற பெரிய எண்ணை அடிக்கக் கூடாது. அது டயரின் எல்லை. காருக்கு எவ்வளவு என்பதை ஸ்டிக்கர்தான் சொல்லும்.

அலாய் வீல் மோகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் சாரம் இவ்வளவுதான். டிஸ்க்கைப் பெரிதாக்கி டயரைத் தட்டையாக்கினால் உள்ளே காற்றுக்கு இருக்கிற இடம் சுருங்கும். கம்பெனி கொடுத்த டயரில் 88 இருந்தால், புதியதிலும் 88-க்குக் குறையக் கூடாது. 82 ஆனால் ஒரு சக்கரத்துக்கு 560 கிலோ 475 ஆகிவிட்டது என்று அர்த்தம். அழகு வேண்டும் என்பவர்களை நான் தடுப்பதில்லை. இந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்கச் சொல்வேன்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை நால்வழியாகி, எண்ணும் 44 என்று மாறிய பிறகு எங்கள் வேலையின் தன்மையே மாறியது. முன்பு ஆணி, கல், வெட்டு. இப்போது சூடு. குழிக்குக் குழி நிதானித்துப் போன லாரி, இப்போது மதிய வெயிலில் நிற்காமல் போகிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து தன்னைத்தானே வேகவைத்துக்கொள்கிறது. இரும்புக் கம்பியை எடுத்து டயரைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் காற்றைச் சொல்கிற டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செத்த டயரை அதில் கண்டுபிடிக்கலாம்; 90-க்கும் 120-க்கும் வித்தியாசம் அந்தச் சத்தத்தில் கிடையாது. ரேடியலின் வயிறு எப்போதும் கொஞ்சம் பிதுங்கியே இருக்கும், கண்ணும் ஏமாறும். கேஜ்தான். அதுவும் சூடான டயரில் வைத்துப் பார்த்துவிட்டு, கூடிவிட்டதே என்று இறக்கிவிடக் கூடாது. பத்து டிகிரி சூட்டுக்கு லாரி டயரில் நாலு பவுண்டுக்கு மேல் ஏறும். அந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெயிலில் இறக்கியவன் விடிகாலையில் குறைந்த காற்றோடு கிளம்புவான்.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். என்னிடம் டயர் போடுகிற ஒவ்வொரு லாரிக்கும், சக்கரத்துக்கு மேலே மட்கார்டில், வெள்ளைப் பெயிண்டால் அந்த ஆக்சிலுக்கு உரிய காற்றை எழுதிவிடுவேன். ‘குளிர்ந்த டயரில்’ என்றும் கூடவே. எந்த ஊர்க் கடையில் நின்றாலும், காற்றடிக்கிற பையனுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போன மாசி மாதம் ஒரு வெங்காய லாரி விடிகாலை நாலு மணிக்கு வந்து நின்றது. டயரில் ஒரு குறையும் இல்லை. டிரைவர் இறங்கி வந்தார். “மழையில, சேத்துல எல்லாம் அழிஞ்சு போச்சுண்ணே. வேற கடையில ஆளுக்கொரு அளவு சொல்றானுங்க. அந்த நம்பரைத் திரும்ப எழுதிக் குடுங்க” என்றார். டார்ச்சை அவர் பிடித்தார். நான் முதலில் குனிந்து டயரின் எண்ணைப் பார்த்தேன், பிறகு ரிங்கைச் சுற்றித் தடவினேன், டிஸ்க்கின் ஓட்டைகளைத் துடைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.